இங்கிலாந்தில் ஊர்ப்புற நடைவழிகளையும் குதிரைவழிகளையும் மேம்படுத்த உள்ளாட்சி மன்றம் எவ்வாறு திட்டமிடுகிறது?

கேள்வி கேட்டவர், தம் ஊரில் வயல்களின் ஊடே செல்லும் நடைவழி ஒன்றைக் குதிரையில் வருபவர்களும் மிதிவண்டியில் வருபவர்களும் பயன்படுத்தும்படி மாற்ற யாரை அணுக வேண்டும் என்றும், கவுன்சில் பல ஆண்டுகளாக ‘அது திட்டத்தில் இருக்கிறது’ என்று மட்டும் பதில் சொல்வதற்கு என்ன பொருள் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். தென்கிழக்கு இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் பாரிஷ் கவுன்சில் எனப்படும் ஊரளவிலான மன்றத்துக்காகப் பாதைகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன் என்பதால், சட்டம் சொல்வதையும் நடைமுறையில் நான் கண்டதையும் கலந்தே எழுதுகிறேன். சாலையோர நடைமேடைகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. தனியார் நிலத்தின் வழியே சென்றாலும், பொதுமக்கள் கடந்துபோகச் சட்டப்படி உரிமை பெற்றிருக்கும் வழிகளைப் பற்றியே பேசுகிறேன்.

இங்கிலாந்து முழுவதும் இத்தகைய வழிகள் ஏறத்தாழ 1,88,000 கிலோமீட்டர் நீளம் உள்ளன. மஞ்சள் அம்பு பொறித்த நடைவழியில் நடப்பதற்கு மட்டுமே உரிமை உண்டு. நீல அம்பு பொறித்த குதிரைவழியில் நடக்கலாம், குதிரையில் செல்லலாம். 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்திற்குப் பிறகு, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மிதிவண்டியும் ஓட்டலாம். மொத்த நீளத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெறும் நடைவழிகள்தாம். குதிரையோட்டிகளுக்குத் திறந்திருப்பது ஏறத்தாழ 22 விழுக்காடு மட்டுமே. அதுவும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மேம்பாட்டுத் திட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கின்றன.

திட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். இருக்கும் வழியைப் பாதுகாப்பதும் திறந்துவைப்பதும் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, சாலைகளுக்குப் பொறுப்பான கவுன்சிலின் கட்டாயக் கடமை. வழியை முன்பு இருந்ததைவிட நல்லதாக்குவது அப்படிப்பட்ட கடமை அல்ல, கவுன்சிலுக்குள்ள அதிகாரம் மட்டுமே. வயலின் குறுக்கே செல்லும் வழியை உழவர் உழுதுவிட்டால், முதல் உழவுக்கு 14 நாட்களுக்குள்ளும் அதன்பின் ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்திற்குள்ளும் நடக்கத்தக்க நிலைக்கு அவர் மீட்டுத் தர வேண்டும். தராவிட்டால் கவுன்சில் தலையிட்டாக வேண்டும். ஸ்டைல் எனப்படும் வேலி தாண்டும் மரப்படி உடைந்தால், அதைச் சரிசெய்வது நில உரிமையாளரின் பொறுப்பு. நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கை அவர் கவுன்சிலிடம் கேட்டுப் பெறலாம். இவை எவற்றுக்கும் எந்தத் திட்டத்திலும் இடம்பிடிக்க வேண்டியதில்லை. வேலி போட்டு அடைத்த வழியைப் பற்றிப் புகார் செய்தவருக்கு ‘மேம்பாட்டுத் திட்டத்தில் பரிசீலிப்போம்’ என்று பதில் வந்தால், அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாமல், இது கவுன்சிலின் கட்டாயக் கடமை என்று சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு மறுகடிதம் எழுதுவதே சரி.

மேம்பாட்டுக்கான திட்டமிடல் 2000ஆம் ஆண்டின் கிராமப்புற மற்றும் வழியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. சாலைகளுக்குப் பொறுப்பான ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும், லண்டன் நகரின் உட்பகுதி மன்றங்கள் நீங்கலாக, வழியுரிமை மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். முதல் திட்டங்களுக்கு 2007 நவம்பர் வரை காலம் தரப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் ஒரு முறையாவது மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். இன்றைய மக்களின் தேவையையும் வருங்காலத் தேவையையும் இந்த வழிகள் எந்த அளவுக்கு நிறைவேற்றுகின்றன, உடற்பயிற்சிக்கும் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கும் அவை என்ன வாய்ப்பைத் தருகின்றன, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் நடமாடுவதில் சிரமம் உள்ளவர்களும் அவற்றை எவ்வளவு தூரம் பயன்படுத்த முடிகிறது என்ற மூன்றையும் ஆராய்ந்து, அதன் அடிப்படையில் தான் செய்யக் கருதும் பணிகளின் அறிக்கையைச் சேர்ப்பதே அந்தத் திட்டம். மறுமதிப்பீட்டின்போது எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று கவுன்சில் முடிவு செய்தால்கூட, அந்த முடிவையும் அதற்கான காரணங்களையும் வெளியிட்டாக வேண்டும். ஆனால், எழுதியதை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதற்கென்று தனி நிதியையும் அது ஒதுக்கவில்லை.

இதைக் கேட்டவுடன், அப்படியானால் இது வெறும் காகிதம்தானே என்று சலித்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சலிப்பு எனக்கு இல்லை. பணம் எப்போது வரும் என்று கவுன்சிலுக்கே தெரியாது. வரும் நாளில், எந்தத் தேவை முன்கூட்டியே ஆராயப்பட்டு எழுத்தில் இருக்கிறதோ அதற்கே அது போய்ச் சேரும். திட்டத்தின் பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மதிப்பீடு செய்யும் முறை கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். முன்பு மைய அரசு வகுத்த ஓர் அளவுகோலின்படி, மொத்த வழிகளில் 5 விழுக்காட்டைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பாதியை மே மாதத்திலும் மறுபாதியை நவம்பரிலும் நடந்து பார்த்து, எளிதாகப் பயன்படுத்தத்தக்கவை எத்தனை என்று கணக்கிட்டார்கள். செடிகொடிகள் மண்டும் காலத்தையும் சேறு நிற்கும் காலத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறை நல்ல முறை. இதனோடு வந்த புகார்கள், மக்கள்தொகைக் கணக்கு, சாலை விபத்துப் பதிவுகள், குதிரை லாயங்கள் இருக்கும் இடங்கள், புதுக் குடியிருப்புகள் வரவிருக்கும் இடங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான், எந்த ஊரிலிருந்து பாதுகாப்பாக ஒரு சுற்று வந்து வீடு திரும்ப முடியவில்லை என்பது தெரிகிறது.

இதில் மிகக் கடினமானது, அறுபட்ட குதிரைவழிகளை இணைப்பது. ஒரு குதிரைவழி காட்டின் வழியே நன்றாக வந்து, வேகமாக வண்டிகள் ஓடும் பெருஞ்சாலையில் முடியும். அடுத்த குதிரைவழி அதே சாலையில் சற்றுத் தள்ளித் தொடங்கும். இடையில் குதிரையும் ஓட்டுபவரும் லாரிகளுக்கு நடுவே செல்ல வேண்டும். இதற்கு ஒரு தீர்வு, சாலையோரத்தில் புல்தரையை அகலப்படுத்தித் தனித்தடம் அமைப்பது. இன்னொன்று, பெகாசஸ் கிராசிங் எனப்படும், குதிரை மேலிருந்தபடியே அழுத்தும் உயரத்தில் பொத்தான் வைத்த சைகைக் கடவை. மூன்றாவது, அருகிலுள்ள நடைவழியைக் குதிரைவழியாக உயர்த்துவது. கேள்வி கேட்டவர் விரும்புவது இதைத்தான்.

அப்படி உயர்த்த, நில உரிமையாளரோடு கவுன்சில் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம்; நெடுஞ்சாலைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதற்கு வகைசெய்கிறது. அவர் இசையாவிட்டால் 26ஆம் பிரிவின்கீழ் ஆணை பிறப்பிக்கலாம். ஆனால் நிலத்தின் மதிப்புக் குறைவுக்கு இழப்பீடு தர வேண்டும், எதிர்ப்பு வந்து திரும்பப் பெறப்படாவிட்டால் ஆணை அரசின் திட்டமிடல் ஆய்வாளரிடம் போகும், விசாரணைக்கு நீண்ட காலம் ஆகும். ஆகவே பெரும்பாலான கவுன்சில்கள் உடன்படிக்கையையே நாடுகின்றன. உழவரின் அச்சங்கள் கற்பனையானவை அல்ல: கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் ஆடுமாடு வெளியேறும், நாய்கள் சினையாடுகளை விரட்டும், மழைக்காலத்தில் குளம்புகள் வயலோரத்தைச் சேறாக்கும். வழியை வரப்போரமாக நகர்த்துவது, இருபுறமும் வேலியிடுவது, குதிரையிலிருந்து இறங்காமல் திறந்து மூடத்தக்க, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுகளைக் கவுன்சில் செலவில் பொருத்துவது என்று ஒவ்வோர் அச்சத்துக்கும் விடை கொண்டுபோகும் அதிகாரிதான் கையொப்பம் பெற்றுத் திரும்புகிறார். உரிமை பேசிக்கொண்டு போகிறவர் பெறுவதில்லை.

தரையின் மேற்பரப்பைப் பற்றியும் சண்டைகள் உண்டு. களிமண் நிலத்தில் குளிர்காலக் குதிரைவழி முழங்கால் அளவு சேறாகிவிடும். அதற்கு முதல் மருந்து வடிகால், இரண்டாவது மருந்து நிழலைக் குறைத்துக் காற்றும் வெயிலும் படச் செய்வது. கல் கொட்டுவது அதற்கு அடுத்ததாகவே இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களும் மிதிவண்டியில் வருபவர்களும் வழுவழுப்பான தளத்தைக் கேட்கிறார்கள். தார் குதிரைக்கு வழுக்கும், கால்களுக்கும் கடினம். அகலம் போதுமானால் ஒரு பாதியைக் கெட்டித் தளமாகவும் மறு பாதியைப் புல்லாகவும் விடுவதே எனக்குத் தெரிந்தவற்றில் சிறந்த ஏற்பாடு. வேலி தாண்டும் படிகளைப் பொறுத்தவரை சண்டைக்கு இடமில்லை. வேலியில் இடைவெளி விட முடிந்தால் இடைவெளி, முடியாவிட்டால் கதவு, வேறு வழியே இல்லாதபோது மட்டும் படி என்ற வரிசையைத்தான் பிரிட்டிஷ் தர அளவான 5709 வலியுறுத்துகிறது. முதுமையாலோ நோயாலோ கால் தூக்க முடியாத ஒருவருக்கு, ஒரே ஒரு ஸ்டைல் முழு வழியையும் மூடிவிடுகிறது. அதை எடுத்துக் கதவு வைக்க ஆகும் செலவோ, திட்டத்திலுள்ள மற்றப் பணிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இப்படிச் செய்வதற்கு நில உரிமையாளரோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் தனி அதிகாரத்தையும் 2000ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்தது.

இனிப் பணம். பெரும்பகுதி புதுக் கட்டுமானங்களிலிருந்து வருகிறது. வீடு கட்டும் நிறுவனத்துடன் 1990ஆம் ஆண்டின் நகர, ஊர்ப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ் செய்யப்படும் உடன்படிக்கையில், அருகிலுள்ள வழிகளை மேம்படுத்தத் தொகை கேட்கலாம். ஆனால் அந்தத் தொகை அந்தக் கட்டுமானத்தோடு நேரடித் தொடர்புடையதாகவும் அளவில் நியாயமானதாகவும், கட்டுமானத்தை ஏற்கத்தக்கதாக்கத் தேவையானதாகவும் இருக்க வேண்டும். ‘இங்கு வரவிருக்கும் குடும்பங்கள் பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் போக இந்த வழிதான் உதவும், இது குறைபாடுள்ளது என்று மேம்பாட்டுத் திட்டம் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறது’ என்று சொல்ல முடிந்தால் அந்தச் சோதனைகளைக் கடப்பது எளிது. கவுண்டி கவுன்சில், மாவட்டக் கவுன்சில் என்று இரண்டு அடுக்குகள் உள்ள இடங்களில் ஓர் இடைவெளி இருக்கிறது: வழிகளுக்குப் பொறுப்பு கவுண்டி, கட்டட அனுமதி தருவது மாவட்டம். இரு அலுவலகங்களும் பேசிக்கொள்ளாமல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் வாய்ப்பு போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு பெரிய விண்ணப்பத்துக்கும் எங்கள் பாரிஷ் கவுன்சில் தானே கருத்தெழுதி, திட்டத்தின் பக்க எண்ணைக் குறிப்பிடுகிறது. புதுக் கட்டடங்கள்மீது சமுதாய உள்கட்டமைப்புத் தீர்வை எனப்படும் கட்டணத்தை வசூலிக்கும் இடங்களில், அதில் 15 விழுக்காடு, எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் அக்கம்பக்கத் திட்டத்தை ஊர் தனக்கென நிறைவேற்றியிருந்தால் 25 விழுக்காடு, பாரிஷுக்கே வரும். சிறு பாலம், கதவு போன்றவற்றுக்கு அது போதும்.

திட்டத்தின் வரைவை எழுதும்போது கவுன்சில் தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு பாரிஷ் கவுன்சிலையும், பக்கத்து உள்ளாட்சி மன்றங்களையும், உள்ளூர் அணுக்கக் கருத்துமன்றத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும். வரைவைப் பார்வைக்கு வைத்து உள்ளூர்ச் செய்தித்தாள்களில் அறிவிக்கவும் வேண்டும். அந்தக் கருத்துமன்றத்தில் நில உரிமையாளர்களும் வழிகளைப் பயன்படுத்துபவர்களும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். கூட்டங்களுக்குப் பொதுமக்களும் போகலாம். வரைவுக்குக் கருத்தெழுதும்போது ‘எங்களுக்குக் குதிரைவழி வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். வழியின் அதிகாரப்பூர்வ எண், அது எந்த இரு இடங்களை இணைக்கும், இப்போது மக்கள் மாற்றாக எந்தச் சாலையில் செல்கிறார்கள், அங்கு என்ன ஆபத்து, நில உரிமையாளரிடம் பேசியிருந்தால் அவர் என்ன சொன்னார் என்பனவற்றை ஒரு வரைபடத்தோடு எழுதுங்கள். ‘திட்டத்தில் இருக்கிறது’ என்று உங்களுக்குச் சொன்னவரிடம், எந்தப் பக்கத்தில், எந்த முன்னுரிமையோடு என்று எழுத்தில் கேளுங்கள். பொதுவான ஒரு நோக்கமாக மட்டும் அது இருந்தால், குறிப்பிட்ட பணியாக மாற்றிச் சேர்க்கும்படி அடுத்த மறுமதிப்பீட்டில் கோருங்கள்.

ஒன்றை மட்டும் அதற்கு முன்பே சரிபாருங்கள். உங்கள் நடைவழியில் முன்பு குதிரைகள் சென்றதற்கான பழைய வரைபடமோ ஆவணமோ இருந்தாலும், கடந்த 20 ஆண்டுகள் யாருடைய அனுமதியும் இன்றி, வெளிப்படையாக, தடுப்பார் இன்றிக் குதிரையோட்டிகள் அதில் சென்று வந்திருந்தாலும், அந்த உரிமை ஏற்கெனவே உருவாகியிருக்கக்கூடும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது மேம்பாட்டை அல்ல, 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்கீழ், வழியுரிமைகளைப் பதிவு செய்யும் அதிகாரப்பூர்வ வரைபடத்தைத் திருத்தும் ஆணையை. பழைய ஆவணங்களை மட்டும் நம்பிய விண்ணப்பங்களுக்கு 2031 என்று வைத்திருந்த இறுதிநாளை நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. வரைபடத்தைத் திருத்தும் ஆணைக்குப் பணமும் தேவையில்லை, உரிமையாளரின் இசைவும் தேவையில்லை. சான்று மட்டுமே தேவை. கவுண்டி ஆவணக் காப்பகத்திலுள்ள தசமபாகம் என்ற பழைய தேவாலய வரிக்காக வரைந்த வரைபடங்களையும், பொது நிலங்களைப் பிரித்துக் கொடுத்த நிலப் பகுப்பு ஆவணங்களையும் பார்ப்பதோடு, ஊரில் முன்பு குதிரை வைத்திருந்த முதியவர்களிடம் பயன்பாட்டுச் சான்றுப் படிவங்களை இப்போதே நிரப்பி வாங்கி வைப்பதும் நல்லது.