சாகாத செல் வேண்டுமா?

கேள்வி: நம் உடலில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் தாமாகவே செத்துப்போகின்றன என்று படித்தேன். அடிபட்ட செல் சாவது சரி, நன்றாக இருக்கும் செல் ஏன் சாக வேண்டும்? அதைத் தடுத்துவிட்டால் ஆயுள் கூடுமா?

பதில்: தடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மண்புழு இனத்தில், சரி, மண்ணில் வாழும் உருளைப்புழு என்று சொல்வதுதான் முறை, வளரும்போது 1,090 உடல் செல்கள் உருவாகி அதில் 131 செத்துவிடும், ஒவ்வொரு புழுவிலும் அதே 131! சாவை நடத்தும் ஜீனைக் கெடுத்தால் அவையும் பிழைத்துக்கொள்ளும், புழு சும்மா கூடுதல் செல்களோடு திரியும். இந்தப் புழு ஆராய்ச்சிக்குத்தான் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு. ஆனால் எலியிடம் இந்த விளையாட்டு செல்லாது. செல் சாவை நடத்தும் காஸ்பேஸ்-9 என்ற நொதி இல்லாத எலிக்குட்டிகளுக்கு மூளை அளவுக்கு மீறி வளர்ந்து புடைத்துவிடும், பெரும்பாலானவை பிறப்பை ஒட்டியே இறந்துவிடும்.

காரணம், கருவில் நரம்பு செல்கள் தேவைக்கு மேல் உருவாகின்றன. போய்ச் சேரவேண்டிய இடத்தைத் தொட்டு, அங்கிருந்து 'நீ இரு' என்கிற ரசாயனச் சேதி கிடைத்தவை மட்டும் தங்கும்; பல இடங்களில் பாதி வரை செத்துவிடும். நரம்பு மட்டுமல்ல, நம் செல்களில் பெரும்பாலானவை அக்கம்பக்கத்துச் செல்களின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. அதனால், ஏன் சாகிறது என்பதைவிட ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சாகும் விதமும் வேறு. அடிபட்ட செல் வெடித்து உள்ளே இருப்பதைக் கொட்டும், அந்த இடம் வீங்கும். தானாகச் சாகும் செல்லோ, தன் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி-யைக் கசியவிட்டு (அதுவரை ஆற்றல் தயாரிக்க உதவிய அதே புரதம்தான்), காஸ்பேஸ்களை எழுப்பிவிட்டு, தன்னைத்தானே துண்டு போட்டு, சவ்வின் உள்பக்கக் கொழுப்பு ஒன்றை வெளியே திருப்பி 'என்னைத் தின்னலாம்' என்று காட்டும், பக்கத்துச் செல் வந்து விழுங்கிவிடும். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை.

இப்படிச் சாக மறுக்கும் செல்லைத்தான் புற்றுநோயில் பார்க்கிறோம். சில ரத்தப் புற்றுநோய்களில் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் எக்கச்சக்கமாக இருக்கும். வெனடோகிளாக்ஸ் என்ற மாத்திரை அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குகிறது, அவ்வளவுதான். மிச்ச வேலையை அந்தச் செல்லே பார்த்துக்கொள்ளும்.