தவளைக்கு ஒரு காலத்தில் வால் இருந்ததா?

இருந்தது. மடகாஸ்கரில் கிடைத்த டிரையாடோபட்ராகஸ் புதைபடிவம் சுமார் 25 கோடி ஆண்டுகள் பழையது. மண்டையோட்டைப் பார்த்தால் தவளைதான். முதுகுக்கு வந்தால்தான் சிக்கல். இடுப்புக்கு முன்னால் 14 முள்ளெலும்புகள், பின்னால் குட்டையான வால். இன்றைய தவளைகளுக்கோ இடுப்புக்கு முன்னால் 9-க்கு மேல் கிடையாது. இவற்றின் வால் முள்ளெலும்புகள் இணைந்து ஒரே கோலாகிவிட்டன. முன்கையின் இரண்டு எலும்புகளும் அந்தப் பழையதில் தனித்தனியே இருக்கின்றன. இப்போது அவை ஒட்டிப்போய், இடையில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த உடம்போடு அது பெரிதாகத் தாவியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உயிரோடிருப்பதில் இந்தப் பழமையைப் பார்க்க வேண்டுமா? நியூசிலாந்தின் லியோபெல்மா தவளைக்கு இடுப்புக்கு முன்னால் 9 முள்ளெலும்புகள், தனி விலா எலும்புகள், போதாததற்கு வாலே இல்லாமல் வாலாட்டும் தசைகளும் உண்டு!