கல்லறைத் தோட்டத்தின் மேல் ஒரு மருத்துவமனை

கேள்வி: ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரக் கத்தோலிக்க ஆயர் யூலியுஸ் எக்டர் ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டியவர்; 1582இல் பல்கலைக்கழகம் நிறுவியவர். அவரைப் போய் ‘சொந்தக் குடிமக்களையே துரத்தியவர்’ என்று சென்ற இதழில் எழுதிவிட்டீர்களே! 16ஆம் நூற்றாண்டு மனிதரை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: சரி, இன்றைய அளவுகோல் வேண்டாம். அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம்.

எக்டர், மெஸ்பெல்புருன் கோட்டையில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை. 1573இல் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது வயது 28. குருப்பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை, அது 1575இல்தான். வூர்ட்ஸ்பர்க் ஆயர் என்றால் பூசை வைப்பவர் மட்டுமல்ல, நாட்டை ஆளும் அரசரும் அவரே. வரி, நீதிமன்றம், படை எல்லாம் அவர் கையில்.

1576இல் பக்கத்து ஃபுல்டாவில் என்ன செய்தார் தெரியுமா? அந்த நாட்டை ஆண்ட மடாதிபதி பல்தாசார், கத்தோலிக்கத்தைவிட்டுப் பிரிந்த புராட்டஸ்டண்டுகளை ஒடுக்குவதில் எக்டருக்கே முன்னோடி. அவர்மேல் கோபத்தில் இருந்த பிரபுக்களோடு எக்டர் கைகோத்தார். மடாதிபதியை மிரட்டிப் பதவி விலகவைத்து, ஃபுல்டாவைத் தானே எடுத்துக்கொண்டார். போப் 13ஆம் கிரகோரியே இதைக் கண்டித்தார். நாடு எக்டர் கையில் நிலைக்கவில்லை. வழக்கு இழுத்து, 1602இல் பல்தாசாருக்கே திரும்பியது. இதில் விசுவாசம் எவ்வளவு, நாடு பிடிக்கும் ஆசை எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

1585இலிருந்து தன் குடிமக்கள் பக்கம் திரும்பினார். லூத்தரன் (புராட்டஸ்டண்ட்) போதகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அப்புறம் சாதாரண மக்கள்: குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு (பாவசங்கீர்த்தனம்), கத்தோலிக்க முறைப்படி நற்கருணை வாங்க வேண்டும், மாட்டேன் என்றால் வீடு வாசலை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டவர்களுக்கும் இதே கதிதான். அவருடைய கடைசி ஆண்டுகளில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்ததும் நடந்தது.

மருத்துவமனைக்கு வருகிறேன். அது உண்மையிலேயே பெரிய காரியம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1576இல் அடிக்கல். நோயாளிகள், ஏழைகள், அநாதைக் குழந்தைகள், வழிநடை யாத்திரிகர்கள் எல்லாருக்கும் இடம். வருமானத்துக்குத் திராட்சைத் தோட்டம், வயல், காடு என்று எழுதிவைத்தார். அந்த அறக்கட்டளை இன்றுவரை இருக்கிறது, ஒயினும் தயாரிக்கிறது.

ஆனால் கட்டிய இடம் எது? யூதர்களின் கல்லறைத் தோட்டம். அவர்கள் எதிர்த்தும் கேட்காமல் பறித்துக்கொண்ட நிலம் அது.

‘காலம் அப்படி’ என்கிறீர்கள். 1147இல், இரண்டாம் சிலுவைப்போர் வெறியில் வூர்ட்ஸ்பர்க் யூதர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அப்போது அதே ஆசனத்தில் இருந்தவர் ஆயர் சிக்ஃபிரீட். சிதறிக் கிடந்த உடல்களைப் பொறுக்கியெடுத்துக் கழுவி, தன் சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்யவைத்தார். பிறகு அந்தத் தோட்டத்தை யூதர்கள் விலை கொடுத்து வாங்கித் தங்கள் கல்லறையாக வைத்துக்கொண்டார்கள். எக்டர் பறித்தது அந்தத் தோட்டத்தைத்தான்.