மந்தக் காலத்தில் சொந்தத் தொழில்

அன்புள்ள ஐயா,

குளிர்சாதன இயந்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடங்களாக சர்வீஸ் பிரிவைப் பார்த்துவந்தேன். ஆர்டர் குறைந்துபோனதால் போன மாதம் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். சொந்தமாக ஏதாவது தொடங்க ஆசை. வீட்டில், ‘இந்த நேரத்திலா?’ என்று பயப்படுகிறார்கள். ஆனால் பெரிய நிறுவனங்கள் பலவும் மந்தக் காலத்தில் பிறந்தவைதான் என்று படித்திருக்கிறேன். என் மைத்துனர், ‘கடன் வாங்கித் தருகிறேன், கூட்டாகப் பெரிய ஷோரூமே போடலாம், இப்போது வாடகையும் குறைவு’ என்கிறார். உங்கள் கருத்து என்ன?

கா.

அன்புள்ள கா.,

தொடங்குங்கள். ஆனால் ஷோரூம் வேண்டாம்.

மந்தத்தில் பிறந்த நிறுவனங்கள் இருப்பது உண்மைதான். தங்க வீடு, அறை பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி 2008இல் வந்தது, வாட்ஸப் 2009இல். ஆனால் அதே வருடங்களில் தொடங்கி, அடுத்த வருடமே பூட்டுப் போட்டவர்களின் பட்டியலை யாரும் வெளியிடுவதில்லை. அதனால் அந்தப் பெயர்களை நம்பி இறங்காதீர்கள்.

பாடம் வேண்டுமென்றால் 1930களின் ஐபிஎம்மைப் பாருங்கள். பெருமந்தம் என்ற அந்த உலகப் பொருளாதாரச் சரிவின் நடுவிலும் அதன் தலைவர் தாமஸ் வாட்சன் ஆலைகளை நிறுத்தாமல், கணக்குப் போடும் இயந்திரங்களைச் செய்து அடுக்கினார். 1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கணக்கை வைத்திருக்க அரசுக்கு இயந்திரங்கள் தேவைப்பட்டன. ஐபிஎம்மிடம் அவை தயாராக இருந்தன. துணிச்சலுக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஐபிஎம் அப்போது இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு விட்டது. அவற்றில் போட வேண்டிய, விவரங்களைத் துளைகளாகக் குறிக்கும் அட்டைகளையும் அதுவே விற்றது. புது ஆர்டர் வராத மாதத்திலும் வாடகையும் அட்டைப் பணமும் வந்துகொண்டிருந்தன. அந்த வரவு இல்லாமல் வாட்சன் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

உங்கள் கையிலும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. நல்ல காலத்தில் கம்ப்ரஸர் போய்விட்டால் உரிமையாளர் புது இயந்திரம் வாங்கிவிடுவார். இப்போது அவரே, ‘இன்னும் இரண்டு வருடம் எப்படியாவது ஓட்டிக் கொடுங்கள்’ என்பார். மந்தத்தில் ஜனங்கள் செலவை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. வாங்குவதைத் தள்ளிப்போட்டு, இருப்பதைப் பழுதுபார்க்கிறார்கள். ஷோரூம் வைத்தால் நீங்கள் அந்தப் போக்குக்கு எதிரே நிற்பீர்கள். சர்வீஸ் என்றால் அதனோடு போவீர்கள். அதிலும் வருடப் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பிடியுங்கள். பழுதானால்தான் காசு என்றில்லாமல், மாதாமாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே தொகை வரும்படி எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால் பழகிய வாடிக்கையாளர்களைப் போய்ப் பாருங்கள். பழைய நிறுவனத்தோடு போட்ட வேலை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லையா என்று மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

அடுத்தது பணம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். லாபத்தில் ஓடும் தொழிலே கையில் காசில்லாமல் செத்துப்போகும். மாதம் 100க்கு வேலை செய்கிறீர்கள், செலவு 80 என்று வையுங்கள். ஸ்பேர் பார்ட்ஸுக்கும் சம்பளத்துக்கும் அந்தந்த மாதமே கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளரோ மூன்று மாதம் கழித்துத் தருகிறார். முதல் தொகை உங்கள் கைக்கு வருவதற்குள் 240 வெளியே போயிருக்கும். கணக்குப் புத்தகத்தில் 60 லாபம் என்று இருக்கும்; வங்கியில் ஒன்றும் இருக்காது. மந்தத்தில் எல்லோரும் பாக்கியை இழுத்தடிப்பார்கள், பெரிய நிறுவனங்கள் இன்னும் அதிகமாக. அதனால் பார்ட்ஸுக்கான பணத்தை அட்வான்ஸாக வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள். ‘பார்ட்ஸை நான் ரொக்கத்துக்குத்தான் வாங்குகிறேன், அந்தத் தொகையை முதலில் கொடுத்துவிடுங்கள், கூலியை வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாதவர், வேலை முடிந்த பிறகு சுலபமாகத் தந்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

விலையைக் குறைத்து ஆள் பிடிக்கலாம் என்றும் தோன்றும். 100க்கு விற்று 30 லாபம் பார்ப்பவர் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் 20 ஆகிவிடும். பழைய லாபத்தை எட்ட ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும். ஊரே சுருங்கிக் கிடக்கும்போது அந்த ஒன்றரை மடங்கு வேலை எங்கிருந்து வரும்? விலையைத் தொடாதீர்கள். கட்ட முடியாதவருக்கு வேலையின் அளவைக் குறைத்துக் கொடுங்கள்: வருடத்துக்கு நான்கு முறை பார்ப்பதை இரண்டாக்குங்கள்.

ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி உட்காரவும் வேண்டாம். அவர் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள்.

வாடகை குறைவு என்று மைத்துனர் சொல்வது சரி. பழைய கருவிகளும் இப்போது மலிவாகக் கிடைக்கும். நல்ல மெக்கானிக்குகளும் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். இவையெல்லாம் மந்தத்தின் உண்மையான அனுகூலங்கள். ஆனால் குறைந்த வாடகையையும் மாதாமாதம் கட்டித்தான் ஆக வேண்டும், கடன் தவணையும் அப்படித்தான். வருமானம் ஏறி இறங்கும் காலத்தில், நிலையான செலவை எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு நாள் தாங்குவீர்கள். வீட்டுச் செலவுக்கு ஒரு வருடத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். தொழில் எவ்வளவு கேட்டாலும் அதைத் தொடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களின் பயத்துக்கு நீங்கள் தரக்கூடிய நேர்மையான பதில் இதுதான்.

இன்னொன்று. மந்தம் விலகத் தொடங்கும் நேரத்தில்தான் பல சிறு தொழில்கள் கவிழ்கின்றன. ஆர்டர் குவியும், சரக்குக்கும் ஆளுக்கும் பணத்தைக் கொட்டுவார்கள், வரவு பின்தங்கிவிடும். கடன் தேவைப்படுவது அப்போதுதான். மைத்துனரிடம் இன்றைக்குக் கடன் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு வருடம் ஓடிய பிறகு, ஒப்பந்தங்களையும் வரவு செலவையும் அவர் முன்னால் வைத்து, யாருக்கு என்ன பங்கு, யார் என்ன வேலை, பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது என்று எல்லாவற்றையும் எழுத்தில் போட்டுக்கொண்டு கூட்டுச் சேருங்கள். அவருக்கு உண்மையான அக்கறை இருந்தால், அதுவரை வாரம் ஒரு நாள் வந்து பாக்கி வசூலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.