சவிதாவின் மரணம்தான் அயர்லாந்தின் கருக்கலைப்புச் சட்டத்தை மாற்றியதா?

சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பெண்ணின் மரணம்தான் அயர்லாந்தில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது என்று சொல்லப்படுவது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016 முதல் மூன்றாண்டுகள் டப்ளினில் வேலை பார்த்தவள் என்ற முறையில், அது பாதி உண்மைதான் என்பேன். அந்த மரணம் நாட்டையே உலுக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, தோற்றுப்போன ஒரு வாக்கெடுப்பிலிருந்து சட்டத்தை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது.

பிரித்தானியர் 1861-இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே கருக்கலைப்பு ஏற்கெனவே குற்றம்தான். அதுவும் போதாதென்று, கருவின் உயிர்வாழும் உரிமையும் தாயின் உயிர்வாழும் உரிமையும் சமம் என்ற எட்டாவது திருத்தத்தை 1983 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். இனி மக்கள் வாக்களித்தாலன்றி எந்த நாடாளுமன்றத்தாலும் அதை நீக்க முடியாது என்பதால், தோற்றவர்களுக்கு மிஞ்சியது கருக்கலைப்புக்காகக் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போகும் பெண்களுக்குத் துணை நிற்பது மட்டுமே.

அந்தத் துணையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தியச் செய்திகளில் நான் அதைக் கண்டதே இல்லை. லண்டனில் வாழ்ந்த அயர்லாந்துப் பெண்கள் சிலர் 1980 வாக்கில் ஓர் ஆதரவுக் குழுவைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் ஊதியமின்றி நடத்தினர். கருக்கலைப்பு என்ற சொல்லை வெளிப்படையாகச் சொல்லவே அஞ்சிய அந்தக் காலத்தில், அதற்கு அவர்கள் வைத்த மறைபெயர் 'இமெல்டா'. கேட்பவர் காதில் அது யாரோ தோழியின் பெயராகத்தான் விழும். முன்பின் லண்டனைப் பார்த்திராத பெண் ரயிலைவிட்டு இறங்கும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக, வரவேற்கப் போகிறவர் சிவப்புப் பாவாடை அணிந்து நிற்பார். பிறகு அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், தங்கள் வீட்டிலேயே இரவு தங்கவைப்பதும், பணம் குறைந்தால் திரட்டித் தருவதும் அவர்கள் பொறுப்பு. 1980-க்கும் 2016-க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்த பெண்கள் மட்டும் 1,70,000 பேர்.

உள்நாட்டில் நிலைமை இன்னும் கெடுபிடியாக இருந்தது. வெளிநாட்டு மருத்துவமனையின் முகவரியைத் தருவதுகூடச் சட்டவிரோதம் என்று 1986-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், பெண்கள் கழிப்பறைக் கதவுகளில் தொலைபேசி எண்களை எழுதிவைத்தனர்; மாணவர் சங்கங்கள் தங்கள் கையேடுகளில் அவற்றை அச்சிட்டு வழக்குகளைச் சந்தித்தன. 1992-இல், வன்கொடுமையால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி இங்கிலாந்து செல்ல நீதிமன்றம் தடை விதித்தபோது மக்கள் தெருவில் இறங்கினர். உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அதே ஆண்டின் இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் பயணம் செய்யும் உரிமையும் தகவல் பெறும் உரிமையும் கிடைத்தன.

சவிதா கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர். 17 வாரக் கருவுடன் கால்வே மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இதயத் துடிப்பு நிற்கவில்லை என்பதால் அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டது; 2012 அக்டோபர் 28 அன்று, 31 வயதில், இரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்தார். ஆனால் அதற்கு முந்தைய மாதமே டப்ளினில் கருக்கலைப்பு உரிமைக்கான பேரணி நடந்திருந்தது. செய்தி வெளியானதும் அத்தனை விரைவில் கூட்டம் திரண்டதற்கு, திரட்டத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

எட்டாவது திருத்தத்தை நீக்குவதா என்று 2018-இல் நடந்த வாக்கெடுப்பில் குடியுரிமை இல்லாத எனக்கு வாக்கில்லை. சக ஊழியை ஒருத்தியுடன் சில மாலைகள் துண்டறிக்கை கொடுக்கப் போனேன். ஒரு வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் கதவைப் பாதி திறந்து, உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நானும் கப்பலில் போனவள்தான்" என்று தணிந்த குரலில் சொன்னார். துண்டறிக்கையை நான்காக மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். பெரிய மேடைகளைவிட இப்படி வீட்டு வாசல்களில் நடந்த பேச்சுகளே முடிவைத் தீர்மானித்தன என்பது என் கணிப்பு.

மே 25 அன்று 66.4 விழுக்காட்டினர் திருத்தத்தை நீக்க வாக்களித்தனர். டோனகால் தொகுதி மட்டும் எதிர்த்தது. பிரச்சாரத்துக்குத் தலைமை தாங்கிய மூவரில் ஒருவரான ஆல்வா ஸ்மித், 1983-இல் தோற்ற அணியிலும் இருந்தவர். டப்ளினில் சவிதாவின் முகம் தீட்டப்பட்ட சுவரில் மக்கள் வண்ணச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டே இருந்தனர். மன்னிப்புக் கேட்டவையே நான் படித்தவற்றுள் அதிகம்.

2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், 12 வாரம் வரை காரணம் கேட்காமல் அனுமதிக்கிறது. ஆனால் மருத்துவரைப் பார்த்தபின் மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 12 வாரத்தைக் கடந்துவிட்டால் உயிராபத்து போன்ற சில காரணங்களுக்கே அனுமதி உண்டு என்பதால், இங்கிலாந்துக்குப் பயணச்சீட்டு எடுக்கும் பெண்கள் அதன் பிறகும் இருந்தார்கள்.