உடைந்த ட்ரேயை அறுத்துப் பார்க்கும் மகனுக்கு உறைவிடப் பள்ளி எதற்கு?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் டைல்ஸ் ஒட்டும் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர். மகன் பத்தாம் வகுப்பில் 462 மதிப்பெண் பெற்றிருக்கிறான். தாய்மாமா ஓர் உறைவிடப் பள்ளியில் பேசி இடம் வாங்கி வைத்திருக்கிறார்; இரண்டு ஆண்டுகளுக்கு நாலரை லட்சம், அதன் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று திட்டமும் போட்டுவிட்டார். நகையை அடகு வைத்து, ஏலச்சீட்டையும் தள்ளி எடுத்தால் முதல் தவணை கட்டிவிடலாமாம். மகனோ கோடை விடுமுறையில் அப்பாவுடன் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனபோது, அங்கே விரிசல் விட்டதால் பெயர்த்துப் போட்டிருந்த ஷவர் ட்ரேயை, அதாவது ஷவருக்கு அடியில் நின்று குளிக்கப் பதிக்கும் தட்டை, வீட்டுக்குத் தூக்கி வந்து, ஆக்சா பிளேடால் அறுத்து, உள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது, ஏன் வடிகால் துளையின் ஓரத்தில் மட்டும் வெடித்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். “இவனுக்குப் படிப்பில் நாட்டம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது” என்பதோடு கடிதம் முடிகிறது.

அம்மா, உங்கள் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அது தவறான இடத்தில் விழுந்த பயம். உடைந்த பொருளை அறுத்துப் பார்த்து, உடைந்த இடத்துக்குக் காரணம் தேடுகிற பதினைந்து வயதுப் பையனிடம் படிப்பின் மீதான நாட்டம் நிறையவே இருக்கிறது. அந்த நாட்டத்தை, அவன் ஒருமுறைகூடக் கேட்காத ஒரு படிப்புக்காக, வீட்டிலிருக்கும் தங்கத்தை வங்கிக்கு அனுப்பி அணைக்கப் பார்க்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான். அதை விரும்பிக் கேட்கிற பிள்ளைகளுக்கு நானே பரிந்துரைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அதை விரும்புகிறவர் மாமா மட்டுமே.

பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப், எந்தக் கோச்சிங் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. உங்கள் மகன் வீட்டுக்குத் தூக்கி வந்த அந்தப் பொருள் எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால், அவன் கேட்பது விளையாட்டுக் கேள்வியா, ஒரு தொழிலின் நடுமையமான கேள்வியா என்பது உங்களுக்கே விளங்கும்.

மேலே வெள்ளையாக, வழவழப்பாகத் தெரிவது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் தகடு. அதைச் சூடாக்கி இளக வைத்து, அச்சின் மீது இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டி வடிவம் பெறுகிறது. பரோட்டா மாஸ்டர் வீசி இழுக்கும் மாவைப் போல, எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே மெலிந்துபோகும். ஆழமான மூலைகளில் தகட்டின் கனம் பாதிக்கும் கீழே போவது உண்டு. எனவே மூலைகளைக் கூர்மையாக விடாமல் எவ்வளவு வளைத்து வைப்பது, ஓரச் சுவர்களை எத்தனை பாகை சாய்த்தால் ட்ரே அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வரும் என்பதையெல்லாம் அச்சைச் செய்வதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அச்சு செய்த பிறகு திருத்துவது பெருஞ்செலவு.

இவ்வளவு மெல்லிய தகட்டின் மீது எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால் அது நெளியும். ஆகவே அதைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கத்தில் பாலியெஸ்டர் ரெசின் என்னும் இறுகக்கூடிய பிசினையும் கண்ணாடி இழையையும் சேர்த்து அடுக்குகிறார்கள். பட்டறைகளில் பைபர் என்று சொல்வது இதைத்தான். 900 மில்லிமீட்டர் சதுர ட்ரே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 0.81 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு (மேட்) இரண்டு அடுக்கு என்றால் இழை மட்டும் ஏறக்குறைய 730 கிராம். எடையில் முப்பது பங்கு இழை, எழுபது பங்கு ரெசின் என்ற விகிதத்தில் ரெசின் 1.7 கிலோ வேண்டும். இரண்டும் சேர்ந்து இறுகினால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம்தான் கிடைக்கும். அது போதாது. மேலும் மேலும் ரெசினை ஊற்றினால் விலையும் எடையும் ஏறுவதோடு, இறுகும்போது எழும் சூட்டிலும் சுருக்கத்திலும் ட்ரே முறுக்கிக்கொள்ளும்.

இங்கேதான் அடுக்கு என்னும் யோசனை பயன்படுகிறது. ஒரு பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. ஆகவே இரண்டு பைபர் அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட் பலகையையோ நுரைப் பலகையையோ பொதித்துவிட்டால், எடை அதிகம் ஏறாமல் கனம் ஏறிவிடுகிறது. இதே கணக்கில்தான் காற்றாலை இறக்கைகளின் நடுவில் பால்சா மரத்தை வைக்கிறார்கள். முப்பந்தலில் சுழலும் இறக்கைக்கும் உங்கள் வீட்டில் அறுபட்டுக் கிடக்கும் ட்ரேக்கும் அடிப்படை இலக்கணம் ஒன்றே.

பொதித்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. அக்ரிலிக் சூட்டில் விரியும் அளவில் பாதிக்கும் குறைவாகவே பைபர் விரியும். வெந்நீர் பட்டு நாற்பது பாகை சூடேறினால், 900 மில்லிமீட்டர் நீளத்தில் அக்ரிலிக் இரண்டரை மில்லிமீட்டர் விரிய விரும்பும்போது, பைபர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் விரிய விரும்பும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டும் ஒவ்வொரு குளியலின் போதும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஒட்டு சரியில்லாத இடத்தில் காற்றுக்குமிழி இருந்தால் அங்கிருந்து பிரியத் தொடங்கும். ரெசின் ஈரமாக இருக்கும்போதே ரோலரால் உருட்டிக் குமிழிகளை வெளியேற்றுவது இதற்காகத்தான். வெந்நீரையும் குளிர்நீரையும் மாற்றி மாற்றி ஊற்றிச் சோதிக்கும் முறை ஐரோப்பாவின் ஷவர் ட்ரே தரநிலையான இ.என். 14527-இல் இடம்பெற்றிருப்பதும் இதனாலேயே.

நீர் வடிய வேண்டிய சாய்வும் எளிய விஷயம் அன்று. வடிகால் துளை நடுவில் இருந்தால் மிகத் தொலைவிலுள்ள மூலையிலிருந்து 636 மில்லிமீட்டர். ஒன்றரை சதவீதச் சாய்வுக்குப் பத்து மில்லிமீட்டர் இறக்கம் போதும். துளையை ஒரு மூலைக்கு மாற்றினால் தூரம் 1,273 மில்லிமீட்டராகிறது, இறக்கம் பத்தொன்பதுக்கு உயர்கிறது, அதோடு ட்ரேயின் மொத்த உயரமும் கூடிவிடுகிறது. உங்கள் கணவருக்கு இது உடனே விளங்கும். குளியலறைத் தளத்துக்கு வாட்டம் பிடிப்பவர் அவர்.

இப்போது மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். துளையின் ஓரத்தில் பிளைவுட் கறுத்து உப்பியிருந்ததாக நீங்கள் எழுதியிருப்பதிலேயே பெரும்பகுதி விடை இருக்கிறது. துளையிட்ட பிறகு பிளைவுட்டின் வெட்டுமுகத்தை ரெசின் பூசி அடைக்காமல் விட்டிருப்பார்கள். வடிகால் இணைப்பின் ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கசிந்த நீரை மரம் குடித்து, உப்பி, மேலடுக்கைத் தள்ளியிருக்கும். ஏற்கெனவே துளை இருக்கும் இடத்தில் தகைவு, அதாவது பொருளுக்குள் எழும் விசை, குவியும். துளையின் விளிம்பு கரடுமுரடாக இருந்திருந்தால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். அறுத்த துண்டைப் பார்த்து அவனே இதைச் சரிபார்க்கட்டும். நான் சொன்னதில் பிழை கண்டுபிடித்தால் இன்னும் நல்லது.

இந்த அறிவைப் பாடமாகத் தரும் இடம் ஒன்றைப் பெரும்பாலான குடும்பங்கள் கவனிப்பதே இல்லை. மத்திய அரசின் இரசாயன, உர அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சிப்பெட் நிறுவனம் 1968-இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்டது. மதுரையிலும் அதற்கு மையம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே மூன்றாண்டு டிப்ளமோ இரண்டு இருக்கின்றன. ஒன்று பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி: பொருளின் தன்மை, தயாரிப்பு முறைகள், சோதனை. மற்றொன்று பிளாஸ்டிக்ஸ் மோல்டு டெக்னாலஜி: அச்சை வடிவமைப்பது, கணினியில் வரைவது, இயந்திரத்தில் கடைவது. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். ஷவர் ட்ரே செய்வதற்கென்று அங்கே தனிப் பாடம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பங்கு ஊசிவார்ப்பு என்னும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கும் அதன் அச்சுகளும்தான். ஆனால் பிளாஸ்டிக் ஏன் சுருங்குகிறது, ஏன் முறுக்கிக்கொள்கிறது, அச்சு எப்படிச் சிந்திக்கப்பட வேண்டும் என்பதை அங்கே கற்றவன் பைபர் வேலைக்குள் நுழையும்போது தடுமாற மாட்டான். உங்கள் மகனின் கேள்விகளைப் பார்த்தால் எனக்கு முதலாவது டிப்ளமோவே பொருத்தமாகத் தோன்றுகிறது. முடிவு அவனுடையது, இரண்டின் பாடத்திட்டத்தையும் அவன் கையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருங்கள்.

“462 மார்க் வாங்கியவனை டிப்ளமோவில் சேர்ப்பதா?” என்று மாமா கேட்பார். அவரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். பதினொன்று, பன்னிரண்டு, அதன் பிறகு நான்காண்டு பொறியியல்: மொத்தம் ஆறு ஆண்டுகள். மூன்றாண்டு டிப்ளமோ, பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்றாண்டு பொறியியல்: அதுவும் ஆறு ஆண்டுகள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக்ஸ் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடக்கிறது. இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில் பட்டத்தைத் தொடும். இரண்டாவது வழியில் போகிறவன் பாதி வழியிலேயே வேலைக்குத் தகுதியோடு நிற்பான், வீட்டில் பணமுடை வந்தால் அங்கேயே நின்று சம்பாதித்துவிட்டு மீண்டும் படிக்கலாம். முதல் வழியில் பாதியில் நின்றால் கையில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கான விதிகளைச் சேரும்போதே எழுத்து வடிவில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. இந்த வழியில் போனால் மருத்துவப் படிப்பின் கதவு மூடிவிடும். அதில் அவனுக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முதல் சம்பளம், மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த உறவுக்காரப் பையனுடையதைக் காட்டிலும் குறைவாகவே இருக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். கல்யாண வீடுகளில் அந்த ஒப்பீட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். சாப்பாடு நன்றாக இருந்தால் அது பெரிய சிரமம் அன்று. வேலைக்கு ஷவர் ட்ரேயை மட்டும் நம்பவும் வேண்டாம். இரயில் பெட்டிகளின் கழிப்பறை அறைகள், தண்ணீர்த் தொட்டிகள், 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுவதும் பரவிய பைபர் படகுகள், காற்றாலை இறக்கைகள் என்று இந்த அடுக்குக் கலை பல வாசல்களில் நிற்கிறது.

பணத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நகையை அடகு வைத்து நாலரை லட்சம் கட்டுவது ஆறு ஆண்டுச் செலவின் தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு வரும் நான்காண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்கும் கடன் என்றால், பையன் வேலைக்குச் சேரும் நாளில் முதல் சம்பளமே வட்டிக்குப் போகும், பிடிக்காத வேலையையும் அவனால் விட முடியாது. மாமா அன்புள்ளவராக இருக்கலாம். கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடுகிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சிப்பெட்டின் கட்டணத்தை அவர்களுடைய சேர்க்கை அறிவிப்பில் நேரடியாகப் பாருங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். விடுதிச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, அடகு வைக்காமல் முடியும் என்றால் மட்டுமே சேருங்கள். அதுவும் முடியாது என்றால் உள்ளூர் அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்துப் படித்துவிட்டு, பிறகு இந்தப் பக்கம் வருவதிலும் தவறில்லை.

கடைசியாக ஒன்று, இதில் சமரசமே இல்லை. ஆர்வமாக இருக்கிறானே என்று இப்போதே அவனைப் பைபர் பட்டறை ஒன்றில் வேலைக்கு விட்டுவிடாதீர்கள். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைவலியில் தொடங்கி நரம்புகள் வரை பாதிக்கும். ரெசினை இறுகச் செய்யச் சேர்க்கும் ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அந்த ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் ரெசின் இல்லாமல் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் வெடிக்கும். பல சிறு பட்டறைகளில் இரண்டும் ஒரே அலமாரியில், பெயர் எழுதாத பாட்டில்களில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை அபாயகரமான வேலைகளில் அமர்த்துவதைச் சட்டமும் தடை செய்கிறது. அப்பாவுக்குத் தெரிந்த பட்டறை இருந்தால் ஒரு நாள் கூட்டிப்போய், ரெசின் கலக்காத நேரத்தில், அச்சுக்கு மெழுகு பூசுவதையும் இறுகிய ட்ரேயை அச்சிலிருந்து கழற்றுவதையும் காட்டச் சொல்லுங்கள். காற்றை வெளியேற்றும் விசிறியும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாத பட்டறை என்றால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.