காவலுக்கு வரும் சிப்பிப்பாறை நாய்க்குக் குளிராடை

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் அருகே பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறேன். மார்கழி, தை மாதங்களில் காட்டுப்பன்றிக் காவலுக்காக இரவில் தோட்டத்துக் கொட்டகையில் தங்கும்போது, உடன் வரும் என் ஆண் சிப்பிப்பாறை நாய் விடிய விடிய நடுங்குகிறது. அதற்கு எவ்வகை ஆடை வாங்கலாம்? பழைய சாக்கைத் தைத்துப் போட்டால் போதாதா?

பதில்: சிப்பிப்பாறை, தென்மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனம். ஒட்டிய வயிறும், குட்டை மயிரும், தோலுக்கடியில் மிகக் குறைந்த கொழுப்பும் அங்குள்ள வெயிலுக்குப் பொருத்தமானவை; உறைபனி விழும் மேல்மலை இரவுக்கு அவை போதா. ஆகவே உங்கள் நாய்க்கு ஆடை தேவைதான். அடர்ந்த உள்மயிர் கொண்ட ஜெர்மன் ஷெப்பர்டைப் பற்றிக் கேட்டிருந்தால், பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சாக்கு வேண்டாம். அது காற்றை ஓரளவு தடுத்தாலும், பனியில் நனைந்ததும் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடல் வெப்பத்தை இழுக்கத் தொடங்கும். ஈர ஆடையோடு படுப்பதைவிட ஆடையின்றிப் படுப்பதே நாய்க்கு நல்லது. பருத்தித் துணிக்கும் இதே குறை உண்டு. உள்ளே கம்பளி அல்லது பிளீஸ் எனப்படும் மென்மயிர்ச் செயற்கைத் துணியும், வெளியே நீர் புகாத நைலானும் கொண்ட ஆடையைத் தேடுங்கள். உங்கள் ஊர் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தில், கம்பளிக்காக வளர்க்கப்படும் பாரத் மெரினோ இன ஆடுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய ஆட்டு உரோமக் கம்பளி சற்று ஈரமானாலும் கதகதப்பை முழுதாக இழப்பதில்லை.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடைகளில் எடையைக் கேட்டு ஆடை எடுத்துக் கொடுப்பதுண்டு. ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய இடுப்பும் உள்ள இந்த இனத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவையும், கழுத்தடியிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தையும் நாடாவால் அளந்து, மார்பளவை முதன்மையாகக் கொண்டு வாங்குங்கள். மாட்டியபின் ஆடைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். மார்பும் அடிவயிறும் மூடப்பட வேண்டும் என்றாலும், ஆண் நாய் என்பதால் வயிற்றுப்பட்டை சிறுநீர்த் துவாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் அது நனையும். வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டையில் மண்ணும் ஒட்டுமுள்ளும் அடைத்துக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் கொக்கியே நல்லது. தொங்கும் வார்களை வெட்டிவிடுங்கள், வேலிமுள்ளில் மாட்டும். நைலான் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். நீங்கள் குளிர்காயும்போது நாயைச் சற்றுத் தள்ளியே படுக்க வையுங்கள்.

ஆடை மட்டும் போதாது, ஏனெனில் குளிர்ந்த தரை அடியிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். பலகையின் மேல் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் விரிக்க உங்கள் சாக்கு பயன்படும். சிறுத்தை நடமாடும் மலை என்பதால் படுக்கை கொட்டகைக்கு உள்ளேயே இருக்கட்டும். குளிர் மாதங்களில் தீனியைச் சற்றுக் கூட்டுங்கள். வெயில் ஏறியதும் ஆடையைக் கழற்றி உலர்த்தி, அக்குளில் உராய்வுப் புண்ணோ உண்ணியோ இருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து தள்ளாடினால், குளிர் விட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த கம்பளியால் சுற்றி, நெருப்பருகே நேரடியாகக் காட்டாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.